மதுரையில் ஒரு டாக்டர் வேலை ஏஜென்சியும் என் எட்டு மாதமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டரை. டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரி வேலை பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் பதிந்துவிட்டு எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. மாடியில் இரண்டு அறை, நாலு போன், ஒரு வாட்ஸ்அப் குழு என்று இதே அச்சில் இன்னும் சில இருக்கின்றன, எதில் போனாலும் ஏறக்குறைய இதுதான் என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் இதை ஒரு கடைக்கான விமர்சனமாகப் படிக்காமல், மதுரை, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தேனி பக்கம் குடும்ப மருத்துவம் படித்தவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று தேடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்று வருடம் டி.என்.பி. (எம்.டி.க்குச் சமமான தேசிய வாரியப் பட்டம்) ஃபேமிலி மெடிசின் முடித்தவள். 2024-இல் முடித்தேன். மூன்று வருடமும் மெடிசின், குழந்தைகள், பிரசவம், சர்ஜரி, எலும்பு, தோல், கேஷுவாலிட்டி என்று எல்லா வார்டிலும் மாற்றி மாற்றி நின்றாகிவிட்டது. ஒரு குடும்பத்தில் பாட்டி முதல் பேரன் வரை ஒரே ஆள் பார்ப்பது, எப்போது பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது, இதுதான் படிப்பு. இதற்கு வேலை கிடைக்காதா என்ன என்றுதான் நினைத்தேன்.

பதிவு எளிது. பணம் எதுவும் கேட்கவில்லை, அதற்கு ஒரு பாராட்டு. ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் சிறப்புப் பிரிவு என்ற இடத்தில் ஒரு நீண்ட பட்டியல், இருபதுக்கு மேல் இருக்கும், ஃபேமிலி மெடிசின் மட்டும் இல்லை. போன் செய்தேன். எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார்.

"மேடம், நீங்க எம்.டி.யா?"

"டி.என்.பி. ஃபேமிலி மெடிசின்."

"அது... ஜெனரல் மெடிசினா மேடம்?"

"இல்லைங்க, ஃபேமிலி மெடிசின். தனிப் பிரிவு."

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம். "சரி மேடம், இப்போதைக்கு எம்.பி.பி.எஸ்.னு போட்டுக்கிறேன். வேலை சீக்கிரம் வரும்."

மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று. அப்போது சிரிப்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை, சந்தை எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டுக்கொண்டார் என்று. இங்கே ஆஸ்பத்திரிகள் கேட்பது இரண்டே வகை ஆளைத்தான். ஒன்று பெயர்ப் பலகையில் பெரிதாகப் போடக்கூடிய ஸ்பெஷலிஸ்ட். இன்னொன்று அந்த ஸ்பெஷலிஸ்ட் வீட்டுக்குப் போனபிறகு ராத்திரி வார்டைப் பார்த்துக்கொள்ள ஒரு டூட்டி டாக்டர்.

வேலை சீக்கிரம் வரும் என்றது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. பதிந்த மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப் நிற்கவே இல்லை. "அவசரத் தேவை, டூட்டி டாக்டர், 24 மணி நேரம், சாப்பாடு தங்குமிடம் உண்டு, உடனே சேரவும்." ஊர் மட்டும் மாறும். பரமக்குடி, கம்பம், ராஜபாளையம், காரைக்குடி, திரும்பவும் பரமக்குடி. ஒரே ஆஸ்பத்திரி ஆறு வாரத்தில் மூன்று முறை ஆள் கேட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான், ஏஜென்சிக்காரர் வாய் திறக்க மாட்டார். எனக்குச் சொன்ன சம்பளங்கள்: டூட்டி டாக்டருக்கு மாதம் 45,000-இலிருந்து 60,000 வரை, தனி ராத்திரி ஒன்றுக்கு 2,000 சுமார். பி.எஃப். கிடையாது, கன்சல்டன்ட் என்று காட்டி பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதி. சம்பளச் சீட்டு கேட்டால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்டதுபோலப் பார்க்கிறார்கள்.

முதல் நேர்முகம் பைபாஸ் ஓரம் இருக்கும் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரி. எம்.டி. சார், அதாவது மேனேஜிங் டைரக்டர், என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐ.சி.யூ. பார்ப்பீர்களா, இன்டுபேட் செய்வீர்களா, சென்ட்ரல் லைன் போடுவீர்களா என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன். ஓ.பி. பார்க்கட்டுமா என்று நான் கேட்டதும்தான் அவருக்குக் குழப்பம் வந்தது. "ஓ.பி.க்கு பிசிஷியன் இருக்கார், டயபடாலஜிஸ்ட் வாரம் ரெண்டு நாள் வர்றார், குழந்தைகளுக்கு ஒருத்தர் இருக்கார். நீங்க ஓ.பி.யில் யாரைப் பார்ப்பீங்க?" நியாயமான கேள்வி. குடும்ப டாக்டர் பார்க்க வேண்டிய ஆளை ஏற்கெனவே மூன்றாகப் பிரித்து மூன்று அறையில் உட்கார வைத்துவிட்டார்கள், ஒவ்வொரு அறைக்கும் தனி ஃபீஸ். நான் உட்கார்ந்தால் இரண்டு ஃபீஸ் நஷ்டம்தானே.

டூட்டி அறையைக் காட்டினார்கள். இரும்புக் கட்டில், எக்ஸ்ரே ஃபிலிம் ஒட்டி மறைத்த ஜன்னல், சுவரில் யாரோ பென்சிலால் போட்ட நாள் கணக்கு. தலையணைக்குப் பக்கத்தில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான நீட் பி.ஜி. கைடு ஒன்று, பாதி வரை மஞ்சள் மார்க்கர் அடித்தது.

அந்தக் கைடைப் பார்த்ததும்தான் எனக்கு இந்தச் சந்தையே புரிந்தது. இந்த வேலை யாருக்காக இருக்கிறது என்றால், பி.ஜி. சீட்டுக்குக் காத்திருக்கும் பையன்களுக்காக. ஒரு வருடம் ராத்திரி டூட்டி பார்த்துக்கொண்டே படிப்பார்கள், சீட் கிடைத்ததும் போய்விடுவார்கள், அடுத்த வருடக் கூட்டம் வரும். அவர்களுக்கு இது பஸ் ஸ்டாண்ட். நான் குடித்தனம் நடத்தப் பாயோடு வந்திருக்கிறேன். சம்பளமும் பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்ற சம்பளம்தான், ஏனென்றால் யாரும் நின்று பேரம் பேசுவதில்லை. கூட்டத்துக்கும் குறைவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், அதில் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றும் மதுரையைச் சுற்றித்தான். ஊருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் வெளியே வரும்போது எல்லோரும் முதலில் இந்தக் கட்டிலுக்குத்தான் வருவார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டுத் தேர்வெழுதிப் பதிவு பெற்றவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள், அவர்களிடம் ஆஸ்பத்திரிகள் இன்னும் குறைத்துப் பேசுகின்றன.

அரசு வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தனியார் சம்பளத்தை உண்மையில் ஆட்டிவைப்பது அதுதான். எம்.ஆர்.பி., அதாவது தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2024-இல் 2,553 உதவி மருத்துவர் இடங்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது, தேர்வு 2025 ஜனவரி 5. அடிப்படைச் சம்பளமே 56,100-இல் தொடங்கும், அதன்மேல் அகவிலைப்படி. அரசு வேலையில் சேர்ந்தால் பிறகு பி.ஜி.யில் சர்வீஸ் கோட்டாவும், அதாவது அரசு டாக்டர்களுக்கென்று தனி ஒதுக்கீடும், உண்டு, மாநிலங்கள் அப்படிக் கொடுக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நானும் எழுதினேன், கிடைக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் கிடைத்தவர்கள் வேலையில் சேரத் தொடங்கியதும் தனியார் ஆஸ்பத்திரிகளில் டூட்டி அறைகள் காலியானதை ஏஜென்சி குழுவிலேயே பார்த்தேன். ஜனவரியில் 45,000 சொன்ன அதே ஆஸ்பத்திரி மார்ச்சில் 60,000 சொன்னது, தனி அறை, ஏ.சி., வாரம் ஒரு நாள் லீவு எல்லாம் சேர்த்து. ஏஜென்சியில் சேரப் போகிறவர்களுக்கு என் ஒரே உருப்படியான யோசனை, எம்.ஆர்.பி. ரிசல்ட்டுக்கு முன்னால் அவசரப்பட்டு எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசிலும் குடும்ப மருத்துவம் என்று தனியாக எடுப்பதை நான் பார்த்த அறிவிப்புகளில் காணோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் செய்யப் போவது முழுக்க முழுக்கக் குடும்ப மருத்துவம், ஆனால் அங்கே போக எம்.பி.பி.எஸ். போதும், மேற்படிப்பு படித்ததற்குத் தனி மதிப்பு இல்லை. 2023 ஜூனில் நகரங்களில் 500 நலவாழ்வு மையங்கள் திறந்தார்களே, காலை 8 முதல் 12, சாயங்காலம் 4 முதல் 8, அதுதான் எனக்குக் கச்சிதமாகப் பொருந்திய வேலை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், தெருவில் இருக்கும் ஜனங்கள். ஒப்பந்த வேலை, மாதம் 60,000. என் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், ஒப்பந்தம் என்ற சொல்லை மட்டும் வீட்டில் சொல்வதில்லை. பக்கத்துக் கேரளாவில் 2017-இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையம் என்றே பெயர் மாற்றி நடத்துகிறார்கள். பெயரிலாவது குடும்பம் இருக்கிறது.

சரி, ஏஜென்சிக்கு வருவோம். நட்சத்திரம் குறைந்ததற்கு மூன்று காரணம்.

ஒன்று, கட்டணம். வேலையில் சேர்ந்தால் முதல் மாதச் சம்பளத்தில் பாதி அவர்களுக்கு. இது முதலிலேயே சொன்னதுதான், சரி என்றேன். ஆஸ்பத்திரியிடமும் தனியாக வாங்குகிறார்கள் என்பது ஒரு மேனேஜர் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் வாங்குகிறவர் யாருக்காகப் பேசுவார்? சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் "பாத்துக்கலாம் மேடம், முதல்ல சேருங்க" என்பதுதான் பதில்.

இரண்டு, ஒரு ஆஸ்பத்திரி என் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம், ஒரு வருடம் கழித்துத் தருவோம் என்றது. அதற்கு முன்னால் போனால் இரண்டு மாதச் சம்பளம் கட்ட வேண்டும். ஏஜென்சிக்கு இது முன்பே தெரியும், என்னிடம் சொல்லவில்லை. கேட்டபோது "எல்லா இடத்திலயும் வழக்கம்தான்" என்றார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் மோசம். ஏப்ரலில் ஒரு அழைப்பு. "மேடம், நீங்க வரவே வேண்டாம். சர்டிஃபிகேட்டும் ரெஜிஸ்டர் நம்பரும் மட்டும் போதும், மாசம் 15,000 அக்கவுண்டுக்கு வந்துடும். போர்டுல உங்க பேர் இருக்கும், அவ்வளவுதான்." என் பெயரைப் பலகையில் போட்டுவிட்டு உள்ளே யார் ஊசி போடுவார் என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. ஏஜென்சி அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். எங்கள் ஆள் இல்லை, குழுவிலிருந்து நம்பரை எடுத்திருப்பார்கள் என்றார்கள். இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றாவது பார்க்க வேண்டாமா? ஒரு முழு நட்சத்திரம் இதற்கே போயிற்று.

மற்ற வேலைகளும் வந்தன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் வாரம் மூன்று நாள், நல்ல வேலை, ஆனால் ஏ.எஃப்.ஐ.எச். சான்றிதழ் வேண்டும், தொழிற்சாலை மருத்துவராக ஆசை இருப்பவர்கள் அந்தச் சின்னப் படிப்பை முடித்து வைத்துக்கொள்வது நல்லது, இந்தப் பக்கம் மில்லுக்கும் பட்டாசுக்கும் பஞ்சமில்லை. போனிலேயே நோயாளி பார்க்கும் டெலிமெடிசின், 2020 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தபிறகு இது சட்டப்படி தெளிவாகிவிட்டது. ஒரு அழைப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. இரண்டு வாரம் பார்த்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வயிற்றுவலிக்கு மருந்து எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. வளைகுடா நாடுகள் என்றால் ஏஜென்சிக்கு உற்சாகம் தனி, அதற்குத் தனி மேஜை, தனிக் கட்டணம். எனக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை, அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரம் இரண்டு.

இனி அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். மே மாதம், வேண்டாம் என்று பதிவை எடுத்துவிடச் சொல்லப் போனேன். கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வயதான ஒருவர், என்னிடம் முதல் நாள் பேசியவர் இல்லை, தணிந்த குரலில் கேட்டார். "அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய டாக்டர் இருக்காரும்மா. நாப்பது வருஷமா கிளினிக். பையன் அமெரிக்கால. யாராவது எடுத்து நடத்துவாங்களான்னு கேட்டார். நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஆள் அனுப்புவோம், இதுக்கு எங்ககிட்ட ரேட்டே இல்லை. நீங்க வேணா போய்ப் பாருங்க."

போனேன். ஓட்டுக் கட்டடம், வாசலில் வேப்பமரம், உள்ளே இரண்டு பெஞ்சு. சார் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் படிப்பெல்லாம் வந்திருச்சா? நான் சும்மாவே பார்த்துட்டேன்" என்றார். என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் நேர்முகம் அதுதான். கிளினிக்கை நானே எடுத்துக்கொண்டேன்.

இப்படி எத்தனை கிளினிக்குகள் தென்மாவட்டங்களில் மூடப்போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பழைய எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் ஸ்பெஷலிஸ்ட் ஆகிச் சென்னையிலோ வெளிநாட்டிலோ. நோயாளிகள் அங்கேயேதான் இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கான வேலை உண்மையில் இங்கேதான் கிடக்கிறது, ஆனால் இது எந்த ஏஜென்சி பட்டியலிலும் வராது, ஏனென்றால் இதில் சம்பளம் என்று ஒன்று இல்லை, பாதி வெட்டிக்கொள்ள.

லேசும் இல்லை. கிளினிக், ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 1997 சட்டத்துக்கு 2018-இல் விதிகள் வந்தபிறகு ஒரு அறை கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும், மருத்துவக் கழிவுக்கு ஒப்பந்தம் போட வேண்டும், கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வண்டியோ தான் நினைத்த நாளில்தான் வருகிறது. வருமானமும் முன்புபோல இல்லை என்று சாரே சொன்னார். 2021 ஆகஸ்டிலிருந்து அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மாதாமாதம் மாத்திரைக்காக வந்தவர்கள் இப்போது வருவதில்லை. மக்களுக்கு நல்லது, எனக்கு மாதத்துக்கு ஒரு கூட்டம் குறைவு. என் ஃபீஸ் 150. ஊசி போடாவிட்டால் அதையும் யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். "டாக்டரம்மா, ஊசி இல்லையா?" என்று கேட்காத நாளே கிடையாது.

ஆனால் போன வாரம் ஒரு பாட்டி வந்தார். காலையில் மயக்கமாக வருகிறது, வேர்க்கிறது என்றார். ஜவுளிக்கடைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார், மேஜை முழுக்க மாத்திரை அட்டை. இரண்டு ஊரில் இரண்டு டாக்டர் எழுதியது. வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம், பின்னால் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டிலும் அதே சுகர் மருந்து, அதே கிளிமிபிரைடு, அதே மெட்ஃபார்மின். அம்மா இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், காலையில் சாப்பிடுவது ஒரு டம்ளர் கம்மங்கூழ். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டு, இது வேண்டாம் என்று மருமகளிடம் மூன்று முறை சொன்னேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. 150 ரூபாய். பெஞ்சில் ஆறு பேர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் எம்.டி. சார் கேட்டாரே, யாரைப் பார்ப்பீர்கள் என்று. இந்தப் பாட்டியைத்தான்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் போக டூட்டி டாக்டர் சம்பளத்தை இப்போதுதான் தொடுகிறேன். சில மாதம் தொடுவதில்லை. இதையும் சொல்ல வேண்டும், கிளினிக் வைத்தால் கொட்டும் என்று நினைத்து யாரும் வந்துவிடக் கூடாது. வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாவிட்டால் முதல் வருடம் தாங்குவது கஷ்டம்.

அப்புறம், இந்த விமர்சனத்தை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம், பத்து நாள் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. போனால் போகிறது என்று அதே ஏஜென்சிக்கு நானே போன் செய்தேன், இந்த முறை ஆள் கேட்கிறவளாக. மரியாதை ஒரு படி கூடியிருந்தது. ஒரு நாளுக்கு 3,500, கமிஷன் தனி என்றார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் விவரம் வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் ஆள் ராத்திரி டூட்டி மட்டும்தானாம். மூன்றாவது ஆளுக்கு நீட் பி.ஜி. நெருங்குகிறது, மாட்டாராம். இரண்டாவது: "பெண் டாக்டர், எம்.பி.பி.எஸ்., விருதுநகர் மாவட்டம், ஐ.சி.யூ. அனுபவம் உண்டு, உடனே சேரத் தயார்." கீழே பிறந்த வருடம், படித்த கல்லூரி. நான்தான்.

கல்யாணத்துக்குக் கிளினிக்கை மூடிவிட்டுத்தான் போகப் போகிறேன், போர்டு எழுதி மாட்டியாயிற்று.